விலக மறுத்த தூது

மூக்கனேந்தல் ஊரார் தங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைத் தாங்களே எரித்தார்கள். கோபத்தில் அல்ல. பாடத்தில் அப்படி இருந்தது.

பள்ளியை மூடிவிட்டு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்க்கலாமா என்று பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அறிவியல் கண்காட்சி ஒன்றைக் காட்டினால் மனசு இளகுவார் என்று ஸ்டெல்லா டீச்சர் நினைத்தார். நினைப்பு சரிதான். வேளை சரியில்லை. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அம்மை போட்டிருந்தது. வேறு வழியில்லாமல் பெற்றவர்களைக் கூப்பிட்டார். அங்கே பிடித்தது வினை.

காசிலிங்கத்துக்கு அது வினையாகத் தெரியவில்லை. அவன் மகள் செல்லக்கிளி மூன்றாம் வகுப்பு. பள்ளியை மூடினால் லாரி ஓடுகிற சாலையைத் தாண்டி அவளை அனுப்ப மாட்டான். மாட்டுக்குப் பின்னால்தான் அனுப்ப வேண்டும். ஆகையால், டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்வது என்று சபதம் எடுத்துக்கொண்டான். மூக்கனேந்தலில் இதைவிட ஆபத்தான சபதம் கிடையாது.

பள்ளி முற்றத்தில் ஓலைத் தட்டியை வளைத்துக் கட்டி, வகுப்புப் பெஞ்சுகளையும் சத்துணவுச் சாமான்களையும் உள்ளே ஒதுக்கி ஒரு பந்தல். அதுதான் செல். கைத்தசையில் இருக்கிற ஒரு செல். பந்தலின் உச்சியில் வைக்கோலால் செய்த பெரிய கை. உள்ளே கயிற்றை இழுத்தால் கை உயர்ந்து அதிகாரிக்கு வணக்கம் சொல்லும். அவ்வளவுதான் காட்சி.

"காசிலிங்கண்ணே, நீங்க செல்லோட வாசல்," என்றார் டீச்சர். அவன் கையில் ஓர் அட்டை. நடுவில் பூவரச இலை அளவுக்கு ஒரு குழி. "இதுல இலை வந்து பொருந்தினா, உள்ளே பார்த்து 'இழு'ன்னு சொல்லுங்க. இலை இருக்கிற வரைக்கும் சொல்லணும். வேற யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது. யாரையும் உள்ளே விடவும் கூடாது."

"தண்ணி?"

"தண்ணி செல்லுக்குள்ள தானா போகும், வரும். அதை விடலாம்."

அவன் மச்சினன் ஒச்சப்பன்தான் நரம்பு அனுப்புகிற தூது. "நீங்க இலையோட வந்து வாசல்ல ஒட்டிக்கணும். உள்ளே போகக் கூடாது. தூதுக்குக் காது கிடையாது. யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

ஒச்சப்பன் அப்போதே திரும்பவில்லை.

வெயிலுமுத்துவுக்கு மைட்டோகாண்ட்ரியா வேலை. ஒரு கூடை வெல்லத்தை அவனிடம் கொடுத்து, "நீங்கதான் சர்க்கரையை எரிச்சுச் சக்தி கொடுக்கிறவர்," என்றார் டீச்சர். இழுக்கிறவனுக்கு இழுப்புக்கு ஒரு துண்டு கொடுப்பான் என்று அவர் எண்ணம்.

"சர்க்கரை தீர்ந்தா?"

"உடம்பு கொழுப்பை எரிக்கும்."

"அதுவும் தீர்ந்தா?"

"தன்னையே எடுத்து எரிச்சுக்கும். அந்த அளவுக்கு நாம போக மாட்டோம் அண்ணே." டீச்சர் சிரித்தார். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தீப்பெட்டி எடுத்து வந்தான்.

அதிகாரி வந்தார். ஒச்சப்பன் வந்தான். இலை குழியில் பொருந்தியது. காசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இழு," என்றான்.

உள்ளே மூன்று கல் கூட்டிய அடுப்பில் வெயிலுமுத்து ஒரு வெல்லத்தைப் போட்டான். அது குபுகுபுவென்று பொங்கிக் கரியாயிற்று. "எரிஞ்சாச்சு, சக்தி வந்தாச்சு," என்றான். கயிற்றைப் பிடித்திருந்த பூதலிங்கமும் இன்னும் இரண்டு பேரும் இழுத்தார்கள். வைக்கோல் கை உயர்ந்தது. அதிகாரி மகிழ்ந்து பதிலுக்குக் கும்பிட்டார்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை.

"இழு," என்றான் காசிலிங்கம் மறுபடி. "இழு."

டீச்சர் ஓடி வந்தார். "ஒச்சப்பண்ணே, போதும். விலகுங்க."

ஒச்சப்பன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தூதுக்குக் காது கிடையாது டீச்சர்," என்று காசிலிங்கம் நினைவூட்டினான்.

"சரி, நீங்களாவது நிறுத்தச் சொல்லுங்க."

"இலை இருக்கே."

டீச்சர் ஒச்சப்பனைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உடும்புப் பிடி. மரத்தில் வேறோர் இலையைப் பறித்து வந்து நீட்டினார். "இந்தாங்க, இது என் தூது. நிறுத்தணும்."

காசிலிங்கம் அட்டையைக் குனிந்து பார்த்தான். "குழி ஒண்ணுதான் டீச்சர். ஆள் இருக்கு."

மேலே கை இறங்கவே இல்லை. கும்பிடுகிற கைக்குப் பதில் கும்பிடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அதிகாரியும் கையை இறக்காமல் வெயிலில் நின்றார். கயிறு இறுக இறுகப் பந்தல் கால்கள் உள்பக்கம் சாய்ந்தன. செல்லுக்கே தசை பிடித்துக்கொண்டது.

உள்ளே வெல்லம் தீர்ந்தது.

"இனி கொழுப்பு," என்றான் வெயிலுமுத்து. எல்லோரும் பூதலிங்கத்தின் தொப்பையைப் பார்த்தார்கள்.

"என்னய்யா பாக்குறீங்க? சத்துணவுக் கடலை எண்ணெய் டின் இந்தா இருக்கு," என்று அவன் காலாலேயே தள்ளிவிட்டான். எண்ணெயும் எரிந்தது. புகை பந்தலை நிறைத்தது. டீச்சர் குடத்தோடு ஓடி வந்தார்.

"தண்ணி உள்ளே போகலாம் டீச்சர்," என்றான் காசிலிங்கம். "குடம் போகக் கூடாது. நீங்களும் போகக் கூடாது."

அவர் வாசலிலிருந்தே வீசினார். முக்கால் தண்ணீர் அவன் முகத்தில். அவன் துடைத்துக்கொண்டு, "இழு," என்றான்.

"எண்ணெயும் முடிஞ்சுது," என்றது உள்ளேயிருந்து பூதலிங்கத்தின் குரல். "இனி தன்னையே எரிக்கணும். தன்னைன்னா எது?"

"செல்லுக்குள்ள இருக்கிறதெல்லாம்," என்றான் வெயிலுமுத்து.

"நாமளும் உள்ளதானே மாப்ளே இருக்கோம்?"

வெயிலுமுத்து சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாம பாடுபடுறோம். சும்மா நிக்கிறது எது?"

"பெஞ்சு."

ஏகமனதாக முடிவாயிற்று. புகைக்கு நடுவே காசிலிங்கம் பார்த்தான். இரண்டாவதாக அடுப்பில் ஏறியது செல்லக்கிளி உட்காரும் பெஞ்சு. அவள் ஆணியால் கீறிய கிளி அதில் இருந்தது. கண்ணில் நீர் கட்டியது. ஆனால் இலை இருந்தது. பள்ளி பிழைக்க வேண்டுமே.

"இழு," என்றான், குரல் உடைந்து.

கடைசிப் பெஞ்சும் போயிற்று. வெயிலுமுத்து பந்தல் ஓலையைத் தட்டிப் பார்த்தான். "காஞ்ச ஓலை. நல்லாப் பிடிக்கும்," என்றான். தட்டிக்கு ஒட்டினாற்போல் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை.

அப்போதுதான் தெருவிலிருந்து காசிலிங்கம் வீட்டு வெள்ளாடு வந்தது. யாரையும் கேட்கவில்லை. உள்ளே போகவும் ஆசைப்படவில்லை. ஒச்சப்பனின் அக்குளுக்குள் தலையை நுழைத்து, அட்டைக் குழியிலிருந்த பூவரச இலையைக் காம்போடு உருவித் தின்றது.

காசிலிங்கம் குழியைப் பார்த்தான். காலி. "நிறுத்து," என்றான்.

உடனே நின்றது. கயிறு தளர்ந்தது, கை தொப்பென்று விழுந்தது. வேலை இல்லாதபோது எரிப்பானேன் என்று வெயிலுமுத்து மண்ணை அள்ளி அடுப்பை மூடினான். ஒச்சப்பன், கையில் இலை இல்லாத தூது தூதில்லை என்று வெற்றிலை போடப் போய்விட்டான்.

அதிகாரி வலித்த கைகளை இறக்கிக்கொண்டு, புகையில் கலங்கிய கண்களைக் கசக்கியபடி வந்தார்.

"நிஜ உடம்புல அந்தத் தூது எப்படிம்மா விலகும்?"

"அதுக்குன்னு ஒரு நொதி இருக்கு சார்," என்றார் டீச்சர், குரலே எழும்பாமல். "வந்து தூதைத் தின்னுடும்."

"அதானே பார்த்தேன்." அதிகாரி அசந்துபோனார். "நொதி வரைக்கும் ஆள் வச்சுக் காட்டுற பள்ளிக்கூடத்தை மூடுறதாவது. இந்தப் பள்ளி இங்கேயே இருக்கட்டும். ஆட்டு வேஷம் கட்டினவங்களைக் கூப்பிடுங்க."

காசிலிங்கம் பயபக்தியோடு ஆட்டைப் பிடித்து வந்தான். அதிகாரி தமக்குப் போட்ட மாலையைக் கழற்றி அதன் கழுத்தில் போட்டார். அது மாலையைத் திருப்பி இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா, இன்னும் வேஷத்தை விட்டு வெளிய வரல," என்று அதிகாரி உருகினார். "என்ன படிச்சிருக்காங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத காசிலிங்கம் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: "மூணாங்கிளாஸ் கணக்குப் புத்தகம் முழுசா முடிச்சாச்சு சார். அட்டை உட்பட."

"பேரு?"

"மைனா."