புளிய இலை ஏன் இரட்டைப்படை

புளிய இலைகள் மாலையில் கூம்புவது தூக்கத்தினால் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அவை தூங்கவில்லை, எண்ணிக்கையைச் சரிபார்க்கின்றன. ஒரு பெரிய புளியமரத்தில் எத்தனை இலை என்று என்னைக் கேட்டால் தெரியாது. பல லட்சம் இருக்கும். ஆனால் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் மீதி வராது என்பதை மட்டும் எண்ணாமலே சொல்வேன்.

மரமும் அணிலும் காற்றும் ஒரே மொழி பேசிவந்த அந்தக் காலத்தில், செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே ஒரு புளியமரம் நின்றது. அப்போது அதன் ஒவ்வோர் ஈர்க்கிலும் இருபுறமும் ஜோடி ஜோடியாக இலைகள் இருந்தன; கறிவேப்பிலைக்கு இருப்பதுபோல நுனியில் ஒரு தனி இலையும் இருந்தது. மேல்கிளைப் பொந்தில் வரிச்சி என்ற அணில், கண் திறக்காத நான்கு குட்டிகளோடு குடியிருந்தாள்.

ஆடி பிறந்ததும் கணவாய் வழியே காற்று வந்தது. அதற்கு விளையாட்டில் பைத்தியம்.

“ஏ புளி! ஒன் எல மொத்தம் ஒத்தையா, ரெட்டையா? எட்டு நாள் தாரேன். தப்பாச் சொன்னா வேரோட சாச்சிருவேன்.”

“என் எலைய நான் என்னைக்கு எண்ணினேன், அண்ணாச்சி?” என்றது மரம்.

“அது ஒன் பாடு” என்று காற்று போய்விட்டது.

குத்துமதிப்பாகச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பிழைக்க வாய்ப்பு உண்டே என்று வாசகர் நினைக்கலாம். பொந்தில் குட்டிகள் உள்ளவர்கள் அப்படி நினைப்பதில்லை. வரிச்சி எண்ணத் தொடங்கினாள். மூன்றாம் நாள் அறுபத்து நாலாயிரத்தைத் தாண்டியபோது ஒரு காகம் வந்து உட்கார்ந்து, “எத்தன வரைக்கும் வந்துருக்க?” என்று அக்கறையாகக் கேட்டது. அத்தோடு எல்லாம் மறந்துபோயிற்று.

வரிச்சி ஓர் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அதைப் பார்த்தாள். பிறகு அழவில்லை.

“அக்கா, ஜோடிய எண்ணவே வேண்டாம். எத்தன ஜோடி சேர்ந்தாலும் ரெட்டதான். கலகம் பண்றது இந்த நுனி எலைதான். அது இல்லாமப் போச்சுன்னா?”

“வலிக்குமா?” என்றது மரம்.

“வேரோட சாயறத விடவா?”

சுற்றுவட்டாரத்து அணில்களெல்லாம் கூடி ஒவ்வொரு நுனி இலையையும் கடித்தெடுத்தன. நான்கு நாள் வேலை. புளிப்பில் ஓர் அணிலுக்கும் பல் பல்லாக இல்லை.

எட்டாம் நாள் காற்று வந்தது. “ரெட்டை” என்றது மரம். காற்று ஒவ்வோர் இலையாகத் தொட்டு எண்ணி, பொழுது சாயும் நேரத்தில் அறிவித்தது: “முப்பத்து நாலு லட்சத்து எழுபத்தோராயிரத்து அறுநூற்று அஞ்சு. ஒத்தை! சாயறியா, சாய்க்கட்டுமா?”

மரம் வேர்களை மண்ணுக்குள் இறுக்கிக்கொண்டது. வரிச்சி மட்டும் கிளை நுனிக்கு ஓடி வந்தாள்.

“கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. அக்கா, ஒங்க எலையெல்லாம் அததன் ஜோடியோட கை சேக்கட்டும்.”

அத்தனை இலைகளும் எதிரிலையோடு ஒட்டிக்கொண்டன. மேற்குக் கிளையில் ஒன்றே ஒன்று மட்டும் வெறும் வெளியைத் தடவிக்கொண்டிருந்தது.

“இதோட ஜோடி எங்க, அண்ணாச்சி?”

காற்று கணவாய்ப் பக்கம் பார்த்தது.

“கையத் தொறங்க.”

காற்று கையைத் திறந்தது. ஒரு சிறிய பச்சை இலை சுழன்று சுழன்று கீழே விழுந்தது. பொந்துக்குள் குட்டிகள் பாலுக்குக் கத்தின. வரிச்சி போய்விட்டாள்.

புளிய ஈர்க்கின் நுனியில் தனி இலை இல்லாமற்போனதும், பொழுது சாய்ந்தால் இலைகள் ஜோடி ஜோடியாகக் கை சேர்த்துப் பார்த்துக்கொள்வதும் அன்று முதல்தான். பிள்ளைகள் இன்றும் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா விளையாடுகிறார்கள். காற்றை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை.