நூறு மரங்களின் பெயர்

ஒரு காட்டில், ஓடைக்குப் பக்கத்து மூங்கில் புதரில், நல்லம்மா என்ற முயல் தன் வீட்டுக்காரன் சடையனோடும் மகள் குன்றியோடும் வாழ்ந்துவந்தாள். நல்லம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். காற்று அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் ஏன் அடிக்கவில்லை என்று பயம்.

அந்தக் காட்டில் அதுவரை பள்ளிக்கூடம் இருந்ததில்லை. அந்த வருடம்தான் ஓடைக்கு அக்கரையில், ஒரு பெரிய மருத மரத்தடியில், புதிதாக ஒன்று திறக்க ஏற்பாடு நடந்தது. மரங்கொத்தி மரத்துக்கு மரம் தட்டிச் செய்தி சொல்லிக்கொண்டு போனது.

"இன்னும் பத்தே நாள். பள்ளிக்கூடம் திறக்குது. பிள்ளைங்கள தயார்பண்ணிக் கூட்டிட்டு வாங்க."

குன்றிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதரைச் சுற்றிச் சுற்றிக் குதித்தாள்.

"அம்மா, அங்க ஊஞ்சல் இருக்குமா? என்கூட விளையாட யாரெல்லாம் வருவாங்க?"

"முதல்ல குளி. அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றாள் நல்லம்மா. ஆனால் அவளுக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். அன்று முழுக்க அவள் எதற்கும் பயப்படவில்லை.

மறுநாள் காலையில் நரி பரமு அந்தப் பக்கம் வந்தான். ஓடி வேட்டையாடச் சோம்பல்பட்டு, வாய்ப்பேச்சாலேயே வயிறு வளர்த்துவந்தவன் அவன். அவனுக்கு ஒரு மகன். பெயர் மதிவாணன்.

"என்னம்மா நல்லம்மா, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ணியாச்சா?" என்று கேட்டான் பரமு.

"தயார் பண்ண என்னண்ணே இருக்கு? குளிப்பாட்டி, தலை சீவிக் கூட்டிட்டுப் போகவேண்டியதுதான்."

பரமு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உனக்கு விஷயமே தெரியாதா? முதல் நாளே நூறு மரத்தோட பேரை வரிசையா சொல்லச் சொல்வாங்களாம். சொல்லாத பிள்ளைக்குக் கடைசி வரிசை. ஒருதடவை கடைசி வரிசையில உட்கார்ந்தா, ஆயுசுக்கும் கடைசி வரிசைதான். டீச்சர் யாருன்னு தெரியும்ல? காட்டெருமை. அந்தக் கொம்பைப் பார்த்திருக்கியா?"

நல்லம்மாவின் காதுகள் இரண்டும் மடங்கிவிட்டன.

"ஐயோ, இப்ப நான் என்னண்ணே செய்யறது?"

"அதான் நான் இருக்கேனே. நாளையிலிருந்து என் குகையில பாடம் ஆரம்பம். மயில் தன் குஞ்சை அனுப்பறா. பன்றி மூணு குட்டியையும் அனுப்பறா. நீயும் அனுப்பு. எனக்கு எதுவும் வேண்டாம். பசியோட பாடம் சொல்ல முடியாது, அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் நாவல்பழம் குடுத்தனுப்பு, போதும்."

சடையன் மெதுவாக, "மரத்தோட பேரெல்லாம் பள்ளிக்கூடத்துலதானே சொல்லித் தருவாங்க?" என்று கேட்டான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் நல்லம்மா. "நம்ம பிள்ளை கடைசி வரிசையில உட்காரணுமா?"

அப்படித்தான் குன்றி நரியின் குகைக்குப் போக ஆரம்பித்தாள். பரமு ஒரு பாறைமேல் படுத்துக்கொண்டு நாவல்பழம் தின்பான். பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கத்துவார்கள்.

"கடம்பு, மருது, வேங்கை, தேக்கு..."

"சத்தம் போதாது. மறுபடியும்" என்பான் பரமு, கொட்டையைத் துப்பிவிட்டு.

வீட்டுக்கு வந்தாலும் விடுதலை இல்லை. நல்லம்மா புல்லை ஊட்டிக்கொண்டே கேட்பாள்: "வேங்கைக்கு அப்புறம் என்ன?" முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்பாள்: "இலுப்பைக்கு முன்னாடி என்ன?" தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தால் அதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். குன்றி குதிப்பதை நிறுத்தினாள். ஊஞ்சலைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தினாள்.

"பிள்ளை இளைச்சுப்போன மாதிரி இருக்காளே" என்றான் சடையன்.

"படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்றாள் நல்லம்மா. ஆனாலும் அவள் மனதுக்குள் ஏதோ உறுத்தியது.

ஏழாம் நாள் காலையில் குன்றியைக் காணவில்லை.

நல்லம்மா புதரெல்லாம் தேடினாள், ஓடைக்கரையெல்லாம் ஓடினாள். கடைசியில் ஒரு பழைய புற்றுக்குப் பின்னால், சருகுகளுக்குள் இரண்டு காதுகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இங்க என்னடி பண்ற? வா, பாடத்துக்கு நேரமாச்சு."

"நான் வரல. பள்ளிக்கூடத்துக்கும் போகல."

"ஏன்டா கண்ணு?"

"வேங்கைக்கு அப்புறம் மறந்து மறந்து போகுது. டீச்சர் கொம்பால முட்டிருவாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

நல்லம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு முன்பு புதரைச் சுற்றிக் குதித்த பிள்ளையா இது? மகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து சடையனிடம் விட்டாள். பிறகு, அவள் வாழ்க்கையிலேயே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். தனியாக ஓடையைத் தாண்டி, காட்டெருமையைப் பார்க்கப் போனாள்.

நூறு மரம் வேண்டாம், ஐம்பதாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதுதான் அவள் திட்டம். போகிற வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மருத மரத்தடியில் காட்டெருமை நின்றிருந்தார். மலைபோல உடம்பு, பரமு சொன்ன அதே கொம்பு. பெயர் மட்டும் கோமளம். கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நல்லம்மா ஒரு வேருக்குப் பின்னால் ஒளிந்து காதுகொடுத்துக் கேட்டாள்.

"மதிவாணன், குன்றி, அப்புறம் மயிலோட பையன்... அவன் பேர் என்ன? போச்சு, மறுபடியும் மறந்துட்டேன்."

நல்லம்மா ஆச்சரியத்தில் ஒளிந்திருப்பதை மறந்து வெளியே வந்துவிட்டாள்.

"டீச்சர், என்ன சொல்லிட்டிருக்கீங்க?"

கோமளம் டீச்சர் கண்ணைத் திறந்து, கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"வாங்கம்மா. வரப்போற பிள்ளைங்க பேரைத்தான் பழகிட்டிருக்கேன். பதினாறு பேர். முதல் நாள் யாரையாவது பேர் மாத்திக் கூப்பிட்டா அந்தப் பிள்ளை மனசு வாடிருமே. எனக்கும் இதுதாம்மா முதல் பள்ளிக்கூடம். நேத்திலிருந்து புல்லே இறங்கல."

"அப்போ நூறு மரம்?"

"எந்த நூறு மரம்?"

நல்லம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க டீச்சரின் மூக்கிலிருந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வந்தது. நல்லம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஆனால் அது கோபம் இல்லை, சிரிப்பு.

"மரத்தோட பேர் சொல்லித் தரத்தானேம்மா நான் இங்க வந்திருக்கேன்? எல்லாம் தெரிஞ்சே வந்துட்டா எனக்கு என்ன வேலை? சரி, நான் ஒண்ணு கேட்கறேன். குன்றி தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தானே பிரிப்பாளா?"

"நான்தான் ஊட்டிவிடுவேன்."

"தாகம் எடுத்தா வாய்திறந்து கேட்பாளா?"

நல்லம்மா யோசித்தாள். குன்றி கேட்பதற்கு முன்பே அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிவிடுவாள்.

"ஒண்ணுக்கு வந்தா?"

"முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சிரும், டீச்சர்."

"எனக்குத் தெரியாதேம்மா. பதினாறு முகம். அவ சொன்னாத்தான் தெரியும்" என்றார் கோமளம் டீச்சர். "இன்னும் மூணு நாள் இருக்கு. தெரியாததைத் தெரியலன்னு சொல்லவும், வேணும்கறதைக் கேட்கவும் பழக்கி அனுப்புங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

நல்லம்மா திரும்பி ஓடிவந்த வேகத்தில் ஓடையில் காலே நனையவில்லை.

அன்றிலிருந்து மூங்கில் புதரில் வேறு பாடம் நடந்தது. தேக்கிலையில் அருகம்புல்லை மடித்து, நாரால் கட்டி, குன்றியின் முன்னால் வைத்தார்கள். குன்றி பல்லால் இழுத்தாள், காலால் மிதித்தாள். பொட்டலம் வெடித்துப் புல்லெல்லாம் சடையனின் தலையில் விழுந்தது. நல்லம்மாவின் கைகள் உதவி செய்யப் பரபரத்தன. அவள் தன் இரண்டு கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆறாவது பொட்டலத்தில் நார் ஒழுங்காக அவிழ்ந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியைக் குன்றியே காட்டட்டும் என்று பின்னால் நடந்தாள் நல்லம்மா. ஒரு திருப்பத்தில் பிள்ளை தவறான பக்கம் போனாள். "அந்தப் பக்கம் இல்ல" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பத்தடி போனதும் குன்றி நின்று, மோந்துபார்த்து, தானே திரும்பி வந்தாள்.

குன்றி அதிகம் ரசித்தது மாலை நேரத்துப் பாடத்தைத்தான். சடையன் தலையில் இரண்டு குச்சிகளைக் கட்டிக்கொண்டு கோமளம் டீச்சராக நிற்பான்.

"டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருது" என்பாள் குன்றி.

"போய்ட்டு வாம்மா" என்பான் சடையன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"டீச்சர், எனக்குப் புரியல. இன்னொரு தடவை சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்று அவன் குனிந்தபோது ஒரு கொம்பு கழன்று விழுந்தது. குன்றி உருண்டு உருண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நல்லம்மா எண்ணிக்கொண்டாள். சடையன் அன்று பதினைந்து தடவை டீச்சராக நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் பரமு தேடிக்கொண்டு வந்தான்.

"குன்றி ஏன் வரல? நாவல்பழமும் வரலையே?"

"டீச்சரைப் பார்த்துப் பேசிட்டேன், பரமண்ணே. மரத்தோட பேரெல்லாம் கேட்க மாட்டாங்களாம். இங்க வேற பாடம் நடக்குது. பொட்டலம் பிரிக்கிற பாடம்."

பரமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொட்டலம் பிரிக்கவா பள்ளிக்கூடம்? அந்த அம்மா உன்னைச் சமாளிக்கச் சொல்லியிருக்கு. நீயும் நம்பிட்டு வந்திருக்க" என்றான். போகிற வழியெல்லாம் மயிலிடமும் பன்றியிடமும் அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தான்.

நல்லம்மாவுக்கு ஒரு கணம் பழைய பயம் வந்தது. உள்ளே எட்டிப்பார்த்தாள். குன்றி ஏழாவது பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நல்லம்மா எட்டாவது பொட்டலத்தைக் கட்ட உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்தது. மருத மரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பெற்றோர் வேலிக்கு வெளியே நின்றார்கள். பரமு மட்டும் உள்ளே புகுந்து மதிவாணனை முதல் வரிசையில் நடுவில் உட்கார வைத்துவிட்டு வந்தான்.

கோமளம் டீச்சர் பதினாறு பெயர்களையும் தப்பில்லாமல் கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்ததும் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். முன்வரிசைப் பிள்ளைகளின் முடியெல்லாம் பறந்தது.

"டீச்சர், என் பையனை நூறு மரத்தோட பேர் சொல்லச் சொல்லுங்க" என்று வேலியிலிருந்து கத்தினான் பரமு.

"இன்னைக்கு அதெல்லாம் வேண்டாமே."

"ஒருதடவை கேட்டுத்தான் பாருங்க. டேய், எழுந்து சொல்றா."

மதிவாணன் எழுந்தான். கடகடவென்று ஆரம்பித்தான். இருபது மரம், முப்பது மரம். மயிலும் பன்றியும் வாய்பிளந்து கேட்டார்கள். பரமு மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

நாற்பதுக்கு மேல் போனதும் மதிவாணனுக்கு என்னவோ ஆயிற்று. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். வாலைச் சுருட்டிக்கொண்டான். பெயர்கள் வேக வேகமாக வந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நிறுத்தாத, சொல்லு" என்றான் பரமு.

நூறு மரத்தின் பெயர் தெரிந்த அந்தப் பிள்ளைக்கு, அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. "புங்கை, புளி, புங்கை, புளி" என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வரிசையில் இருந்த குன்றி அந்தக் கால்களைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். அவள் காதுகள் கொஞ்சம் நடுங்கின, குரல் நடுங்கவில்லை.

"டீச்சர், அவனுக்கு ஒண்ணுக்கு வருது. நான் கூட்டிட்டுப் போய்ட்டு வரட்டுமா?"

"போய்ட்டு வாம்மா" என்றார் கோமளம் டீச்சர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மதிவாணன் ஊமத்தம் புதருக்குப் பின்னால் இருந்தான். திரும்பி வரும்போது அவன் முகம் தெளிந்திருந்தது.

"எப்படிக் கேட்ட? அதை எத்தனை நாள் மனப்பாடம் பண்ணின?" என்று குன்றியிடம் கேட்டான்.

"மனப்பாடம் எல்லாம் இல்ல. வந்தா கேட்கணும், அவ்வளவுதான்."

வேலிக்கு வெளியே மயிலும் பன்றியும் பரமுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு நாவல்பழம் இத்தனை நாளாக அவன் வயிற்றுக்குத்தான் போயிருந்தது. பரமு மெதுவாக நகரப் பார்த்தான்.

"அப்பா" என்று கூப்பிட்டான் மதிவாணன். "சாயங்காலம் எனக்கு அந்தப் பொட்டலப் பாடம் சொல்லித் தர்றியா?"

பரமுவின் காது சிவந்தது. "எனக்கே தெரியாதேடா" என்றான் மெல்ல. அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

ஒவ்வொருவராகப் பெற்றோர் கிளம்பிப் போனார்கள். நல்லம்மா மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்குத் தாகம் எடுக்குமோ, வெயில் படுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குன்றி வரிசையிலிருந்து எழுந்து, டீச்சரிடம் கேட்டுவிட்டு, வேலியோரம் வந்தாள்.

"அம்மா, நீ வீட்டுக்குப் போ. மத்தியானம் வந்தா போதும்."

நல்லம்மா தலையாட்டினாள். ஓடைவரை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கரைக்கு வந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரே ஒருமுறை துள்ளிக் குதித்தாள்.

நீதி: பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது மனப்பாடம் அல்ல, தனக்கு வேண்டியதைத் தானே கேட்கும் தைரியம்.