பையும் வயிறும்

நாகர்கோவிலில் ஜெசிந்தா என்றொருத்தி இருந்தாள். அவளுடைய வலது மார்பில் ஒரு சிலிக்கான் பை குடியிருந்தது. புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபோது அந்த இடத்தில் டாக்டர்கள் வைத்த பை அது. பிறகு கொடுத்த கதிர்வீச்சில் சுற்றியிருந்த சதை இறுகியது. மூன்று வருஷத்தில் பை கல்லாகி மேலே ஏறி நின்றது. நூலகத்தில் வேலை பார்த்த அவளுக்கு மேல்தட்டுப் புத்தகத்துக்குக் கை எட்டவில்லை. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை.

பையை எடுத்துவிட்டு, வயிற்றிலிருந்து சதை எடுத்து மார்பைத் திரும்ப அமைக்கலாம் என்றார் டாக்டர் ஹேமா. "அவசரமில்லை. யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

அந்த 'அவசரமில்லை'தான் அவளைப் படுத்தியது. முதல் ஆபரேஷனுக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை. இப்போது யோசித்து யோசித்து, சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கொதிக்கும் குழம்பில் இரண்டாம் தடவையாக உப்பைப் போட்டாள்.

"என்னைத் திட்டாதே," என்றது பை. "சுத்தி நெருக்கினா நான் என்ன செய்வேன்? எனக்கும் மூச்சு முட்டுது. என்னை அனுப்பிடு."

"லேசாச் சொல்றே. எட்டு மணி நேரம் மயக்கத்துல கிடக்கப்போறது நான். மறுபடியும் டியூபு, கட்டு எல்லாம் எனக்குத்தான்."

"வெட்டு எனக்கும்தான்," என்றது கீழேயிருந்து வயிறு. "என்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

ஜெசிந்தா நின்றாள். "நான் கேக்கிறேன். தருவியா?"

"எதுக்குன்னு சொல்லு."

"கையைத் தூக்கணும். ஒருக்களிச்சுப் படுக்கணும்."

"அவ்வளவுதானா?"

அவள் அடுப்படிக்குப் போய்க் கரண்டியால் குழம்பைக் கிளறினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "குளிக்கும்போது குனிஞ்சு பார்த்தா அழகா இருக்கணும்."

"இதை ஏன் இத்தனை நேரம் முழுங்கினே? ரெண்டு பிள்ளையைச் சுமந்தவ நான். வலி தெரியும். எடுத்துக்கோ."

கணவர் செலஸ்டின் வந்து அடுப்பை அணைத்தார். அவள் முகத்தைப் பார்த்தே ஆபரேஷன் யோசனைதான் என்று புரிந்துகொண்டார். "உயிர் பிழைச்சு வந்ததே பெருசு, ஜெசி. எனக்கு நீ இப்படியே போதும்."

பிரியத்தோடுதான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு உறுத்தியது. கையில் கரண்டியோடு மறுபடியும் வாசலுக்கு நடந்தாள். கிடைத்ததை வைத்துக்கொள்ளாமல் இன்னும் கேட்பது பேராசைதானோ?

மூன்று வருஷமாக வாய் திறக்காத ஒன்று அப்போது பேசியது. அது அவளுடைய உயிர்.

"அவர் என் பேரைச் சொல்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லையே. பிழைச்சது போதும்னு நான் எப்பச் சொன்னேன்?"

ஜெசிந்தா உள்ளே திரும்பி வந்தாள். "உங்களுக்குப் போதும்ங்க. எனக்குப் போதலை."

செலஸ்டின் முகம் சற்று வாடியது. பிறகு கேட்டார்: "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் எதையும் மறைக்கவில்லை. தையல் ஆற மாசங்கள் ஆகலாம், இன்னொரு சின்ன ஆபரேஷனும் தேவைப்படலாம் என்றார். "ரெண்டு மார்பும் ஒரே மாதிரி இருக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

"ஒரே மாதிரி வேண்டாம் டாக்டர்," என்றாள் ஜெசிந்தா. "ரெண்டும் என்னோடதா இருக்கட்டும்."