ஒரு பண்டல் தீப்பெட்டி

"இந்த ஊர்ல எனக்கு ஒரு சிநேகிதன்கூட இல்ல" என்றார் தெய்வநாயகம்.

சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"பொங்கலுக்கு."

"யாரும் பேசறதில்லையா?"

"பேசறாங்க. வாங்க டிரைவர் சார்ங்கறாங்க. உக்காருங்க டிரைவர் சார்ங்கறாங்க. நான் உக்காந்ததும் அவங்க பேசிக்கிட்டிருந்தது நின்னுபோவுது."

அவள் அடுத்த காம்பை எடுத்தாள்.

தெய்வநாயகம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டிய காலமெல்லாம் அவர் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருந்தது. அது தனக்கு வசதியாகத்தான் இருந்தது என்று அவரே சொல்வார்.

மனைவி இறந்தபின் திருச்சியில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தார். மைத்துனன் துபாய்க்குப் போகும்போது இந்த ஊர்க் கரையில் கிடந்த தன் ஃபைபர் படகை அவரிடம் விட்டுவிட்டுப் போனான். "ஓட்டறதுன்னா ஓட்டுங்க அத்தான். இல்லன்னா வித்துடுங்க."

ஓட்டலாம் என்று வந்தார். இஞ்சின் அவருக்குத் தெரியும். கடல் தெரியாது. கடல் தெரிந்த ஒருவன் கூட ஏறினால்தான் படகு போகும்.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஆட்கள் பெயின்ட் அடித்தார்கள், வலையைச் சரிபார்த்தார்கள், சண்டை போட்டார்கள், மறுபடி பெயின்ட் அடித்தார்கள். தடை முடிந்தால் எல்லோரும் கடலுக்குப் போய்விடுவார்கள். அதன்பின் சிநேகம் பிடிக்கக் கரையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"சிநேகத்துக்கு என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யல? டீக்கடையில எல்லாருக்கும் நான்தான் காசு குடுக்கறேன். இடும்பன்னு ஒருத்தன். அவன் படகோட இஞ்சின் மட்டும் பழுதாகிக் காரைக்கால்ல ரிப்பேருக்குக் கெடக்கு. அவன் ஒருநாள், 'இன்னிக்கு டீ நம்ம செலவு டிரைவர் சார்'ன்னான். விடுவேனா? பாவம், இஞ்சின் இல்லாதவன். அவன் மடியில கைய விடறதுக்குள்ள நான் குடுத்துட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் நான் இருக்கற நேரத்துல டீக்கடைக்கு வர்றதில்ல."

சாமியம்மா அப்போதுதான் அவரைப் பார்த்தாள். பிறகு கீரையைப் பார்த்தாள்.

அவள் எந்த ஊர், எதற்காக வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கோயிலுக்குப் பின்னால் ஒரு குடிசை. அவரைவிட வயதில் சிறியவள். மனக்குறை உள்ளவர்கள் அவளிடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

"நீங்களும் வெளியூர்தானே அம்மா? உங்கள மட்டும் எப்படிச் சேத்துக்கிட்டாங்க?"

"வந்த அன்னிக்கு எதுத்த வீட்டுல தீப்பெட்டி கேட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாளும் கேட்டேன்."

அவர் காத்திருந்தார். அவள் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாலை ஒரு பண்டல் தீப்பெட்டியோடு வந்தார்.

"இனிமே நீங்க யார்கிட்டயும் போய் நிக்க வேணாம்மா."

சாமியம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். பண்டலை வாசலில் வைத்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் மேல் ஊற்றினாள். அவசரப்படாமல், எல்லாப் பக்கமும் நனைகிறமாதிரி ஊற்றினாள்.

"அம்மா!"

"வெளக்கேத்தணும். எதுத்த வீட்டுல போயி தீப்பெட்டி வாங்கியாங்க."

தெய்வநாயகம் எதிர்வீட்டைப் பார்த்தார். உள்ளே இரண்டு பிள்ளைகள் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தார். கடைத்தெருவுக்கு நடந்தார். ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றிச் சாமியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் காலை மடக்கிக்கொண்டாள்.

"வாங்க டிரைவர் சார்" என்றாள்.

பேச்சு நின்றது.

அவர் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். யாருக்கும் அவர் தொந்தரவு கொடுத்ததில்லை. தன்னிடம் இருந்த ஒரே நல்ல குணம் அதுதான் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தார். அது குணம்தானா என்று அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டார்.

தடை முடிந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் காலையில் தண்ணீரைத் தொடாத படகில் அந்த வருஷம் யாரும் ஏறமாட்டார்கள். வெளியூர் வியாபாரி ஒருவன் தெய்வநாயகத்தின் படகைப் பார்த்து விலையும் சொல்லிப் போயிருந்தான். இன்று இறங்காவிட்டால் படகு அவனுக்கு. தெய்வநாயகம் லாட்ஜுக்கு.

மணலிலிருந்து ஒரு படகை இறக்க ஏழெட்டுப் பேர் வேண்டும். கரையெங்கும் ஒருவர் படகை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும் இருந்தார்கள். தெய்வநாயகம் யாரிடமும் போகவில்லை. டிராக்டர் வாடகைக்குப் பேசியிருந்தார்.

டிராக்டர் வந்தது. அதன் பின்னாலேயே சாமியம்மாவும் வந்தாள்.

"தம்பி, எனக்குக் கொஞ்சம் சவுக்கு வெறகு ஏத்தியாரணும். வர்றியா?" என்று டிராக்டர்காரனைக் கேட்டாள்.

"டிரைவர் சார் படக இழுக்கணுமேம்மா."

"தெரியுதுப்பா. வர்றியா?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு வண்டியைத் திருப்பினான். அவள் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா! எனக்கு வண்டி வேணும்!"

"எனக்கும் வேணும்."

"எப்ப வரும்?"

"மத்தியானம் ஆவும்" என்றாள். டிராக்டர் சவுக்குத்தோப்புப் பக்கம் போய் மறைந்தது.

படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. தெய்வநாயகம் தன் படகில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். காலடி மணல் நகர்ந்தது. படகு நகரவில்லை. மறுபடி தள்ளினார். முழங்கால் மடங்கி விழுந்தார்.

சற்றுத் தள்ளி, கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் இடும்பன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இஞ்சின் இல்லாத அவன் படகு. அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் பக்கம் திரும்பவில்லை.

தெய்வநாயகம் வாயைத் திறந்தார்.

"தம்பி, உங்களால கொஞ்சம்..."

அலை அதை மூடிவிட்டது.

கரையில் இன்னும் நாலைந்து படகுகள்தான் மிச்சம். ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"இடும்பா! என்னால முடியலடா!"

இடும்பன் திரும்பினான். எழுந்தான். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"இத்தன மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்றபடி வந்தான். பிறகு கையை வாயருகே குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினான். "அடேய், வாங்கடா! பஸ்சு நின்னுபோச்சு! எறங்கித் தள்ளணும்!"

சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள்.

"டிரைவரே, தள்ளறவனுக்கு டிக்கெட் உண்டா?"

"யோவ், ஸ்டியரிங்கப் புடிச்சமாதிரி நிக்காத. குனி. தோள் குடு!"

"இந்தாளு பிரேக்க எடுத்தாரான்னு பாருங்கடா!"

சார் என்று யாரும் சொல்லவில்லை.

படகு மணலைக் கீறிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. அலை தெய்வநாயகத்தின் தலைக்கு மேல் வந்து போனது. மூச்சு வாங்கித் துடைத்துக்கொண்டு பார்த்தபோது இடும்பன் படகுக்குள் நின்றான். ஒரு கையைக் கீழே நீட்டிக்கொண்டிருந்தான்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அலையைத் தாண்டினார்கள். கடல் அடங்கியது. இடும்பன் தலைப்பாகைக்குள் பத்திரமாக வைத்திருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தான்.

"தீப்பெட்டி இருக்கா?"

தெய்வநாயகம் சட்டைப்பையில் கை விட்டார். அன்றைக்குக் கடைத்தெருவில் வாங்கிய தீப்பெட்டி இன்னும் அதிலேயே இருந்தது. வெளியே எடுத்தார். உப்புத் தண்ணீர் சொட்டியது.

பிறகு எழுந்து நின்று, பக்கத்துப் படகைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய்! தீப்பெட்டி இருக்கா?"