எலுமிச்சை எப்போது சேர்ப்பது

மெகர்நிஷாவுக்கு முப்பத்து நான்கு வயது. மேலப்பாளையத்தில் தன் வீட்டு மாடியில் சமையல் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பாடம் கேட்ட ஒரே ஆண் தவசிமுத்து. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அரிசி களையக்கூட அவரிடம்தான் பழகினார்.

மகளின் மாமியார் பொன்ராணி முதல்முறையாக விருந்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, தவசிமுத்து டீச்சரையும் அழைத்திருந்தார். மசாலாவில் ஊறிய கோழியைக் கரியடுப்பில் சுட்டுப் பரிமாறினார்.

பொன்ராணி ஒரு துண்டைக் கடித்ததும் கேட்டார். "கடை மசாலாவா சம்பந்தி?"

"வீட்டுல அரைச்சது."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

எல்லோரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள்.

"நானே யோசிச்சுப் பண்ணினது."

"இவங்க?" பொன்ராணி மெகர்நிஷாவைக் காட்டினார்.

"பக்கத்துத் தெருக்காரங்க."

மெகர்நிஷா தட்டிலிருந்து நிமிரவில்லை.

பொன்ராணி செல்போனை எடுத்தார். "சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்."

"தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு, நல்லெண்ணெய், ரெண்டு எலுமிச்சம்பழம். எல்லாத்தையும் ஒண்ணாப் பிசறி முந்தின நாளே ஊற வச்சிரணும்."

மெகர்நிஷா தயங்கினார். பிறகு சொன்னார்.

"சார், எனக்குச் சொன்னப்ப எலுமிச்சைய மட்டும் சுடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி சேர்க்கச் சொன்னீங்களே. முந்தின நாளே விட்டா கறி குழைஞ்சு போயிரும்னு."

பொன்ராணி சிரித்தார். "உங்களுக்கும் இவர்தான் வாத்தியாரா?"

"ஆமாம்மா."

தவசிமுத்துவுக்குக் காது சுட்டது. "ஆமா... மறந்துட்டேன்," என்றார்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே வந்து மாடிப்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சம்பந்தியம்மாவுக்குப் போன் பண்ணினேன் டீச்சர். நான்தான் உங்ககிட்ட படிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அப்படியா'ன்னு கேட்டாங்க. அப்புறம் சரின்னு வச்சிட்டாங்க."

மெகர்நிஷா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பொய் அங்கேயே உடைஞ்சிருக்கும். உங்கள நான் யாரோன்னு சொன்னேன். நீங்க என்கிட்டயே படிச்சதா சொல்லிட்டீங்க. எப்படி டீச்சர் மனசு வந்துது?"

"அந்தம்மா தப்பா எழுதிக்கிட்டிருந்தாங்க சார்," என்றார் மெகர்நிஷா. "எனக்கு அது மட்டும்தான் தெரிஞ்சுது."