நெடுங்காலன் மரத்தை விட்டு இறங்கிய கதை

பறப்பவையும் ஊர்பவையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆவாரங்குளத்துக் கரையில் நெடுங்காலன் என்றொரு பறவை குடியிருந்தான். மஞ்சளாய் நீண்ட கால்கள், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைமடிப்பு, கழுத்தில் கறுப்புத் துண்டு போட்டதுபோல ஒரு பட்டை. இன்றைக்கு அவன் இனத்தைப் பொட்டல் வெளியில்தான் பார்க்கிறோம். அன்றைக்கு அவர்களும் மற்றப் பறவைகளைப் போல மரத்தில்தான் வாழ்ந்தார்கள். கரையோரத்து மருத மரத்தின் உச்சியில் நெடுங்காலனும் அவன் மனைவி செவ்வந்தியும் குச்சியும் நாரும் வைத்து ஆழமாகக் கூடு கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து எப்படி எட்டிப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நெடுங்காலனுக்கு அதில் பெரிய நிம்மதி.

அவனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தவளை சும்மா கத்தினால்கூட யாருக்கோ சைகை கொடுக்கிறது என்று நினைப்பான். பக்கத்துக் கிளை மைனா, "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டால், இவளுக்கு எதற்கு இந்த விவரம் என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டிருப்பான். இந்தக் குணத்துக்காகவே அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குளத்துக்காரர்களுக்கும் காட்டுக்காரர்களுக்கும் நடக்கும் பந்தாட்டத்துக்கு அவன்தான் நடுவர். அவன் பார்வைக்குத் தப்பி ஒரு எறும்புகூடக் கோட்டைத் தாண்ட முடியாது என்று இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதற்கு முன்பெல்லாம் கோடை வந்தால் காட்டில் ஊற்று வற்றிவிடும். முயலும் கீரியும் முள்ளெலியும் தண்ணீருக்குக் குளத்தைத் தேடி வரும். குளத்துக்காரர்கள் விடமாட்டார்கள். கொத்து, கடி, ரத்தம். பல கோடைகள் அப்படிப் போன பிறகு, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பங்குனியில் குளம் பாதி வற்றியதும், காய்ந்த தரையில் எல்லாரும் கூடிப் பந்து விளையாடுவது. யார் ஜெயித்தாலும் சரி, ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்கித் தண்ணீர் குடிப்பது. அந்தத் தண்ணீரோடு காட்டுக்காரர்களுக்குக் கோடைக்கான வழி திறந்துவிடும். ஆட்டம் நடக்காவிட்டால் வழியும் இல்லை.

பனைமட்டைதான் ஆடுகிற மட்டை. பந்தைத் தூக்கணாங்குருவி நாரால் இறுக்கிச் சுற்றி, மேலே களிமண் பூசிக் கொடுக்கும். அடித்த பந்து திரும்பி வருகிறவரை மட்டைக்காரர்கள் இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்குமாக ஓடிக்கொண்டே இருக்கலாம் என்பது அந்தக் காலத்துச் சட்டம்.

அந்த வருஷம் ஆட்டத்தன்று காலையில் நெடுங்காலன் கூட்டை விட்டு இறங்கும்போது, மருத மரத்தடியில் ஒருவன் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். காட்டு அணியின் தலைவன், கருவாலன் என்ற கீரி.

"இந்நேரத்துல இங்க என்ன?" என்றான் நெடுங்காலன்.

"சும்மாதான் நடுவரே. மரத்தைப் பார்த்தேன்."

"மரத்துல பார்க்க என்ன இருக்கு?"

"மரம்தான் இருக்கு," என்று சிரித்துவிட்டுக் கருவாலன் போய்விட்டான்.

நெடுங்காலனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. உள்ளே முட்டைகள் இருக்கின்றன. கீரிக்கு முட்டை என்றால் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். திரும்ப மேலே பறந்து போய்ச் செவ்வந்தியிடம் ஏதோ காதோரமாகச் சொல்லிவிட்டுத்தான் களத்துக்கு வந்தான்.

ஆட்டம் நன்றாகத்தான் நடந்தது. முதலில் ஆடிய குளத்துக்காரர்கள் நிறைய ஓட்டம் எடுத்தார்கள். அவர்களுடைய தலைவர், நெற்றியில் வெள்ளைப் பட்டையுள்ள நாமக்கோழியார், அடிக்கவும் செய்தார், விழவும் செய்தார், எல்லாரையும் சிரிக்க வைத்தார். நெடுங்காலன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் கருவாலனை விட்டு நகரவில்லை. கருவாலன் தன் ஆட்களிடம் குனிந்து பேசினால், என்ன பேசுகிறான்? முயல் காதைச் சொறிந்தால், யாருக்கு அந்தச் சாடை?

வெயில் சாய்கிற நேரம். காட்டுக்காரர்களின் கடைசி ஜோடியாகக் கருவாலனும் முயலும் நின்றார்கள். ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான் வேண்டும். தவளை எறிந்த பந்தைக் கருவாலன் முன்னால் வந்து தூக்கி அடித்தான். பந்து மேற்கே சூரியனைப் பார்த்து ஏறியது. எல்லாருக்கும் கண் கூசியது. கூச்சம் தெளிந்து பார்த்தபோது வானத்திலும் பந்து இல்லை, தரையிலும் இல்லை.

கருவாலனும் முயலும் ஓட ஆரம்பித்தார்கள். ஓடிக்கொண்டே இருந்தார்கள். தவளைகள் கோரைக்குள் புகுந்து தேடின. கொக்கு சேற்றைக் கிளறியது. காட்டுப் பக்கத்துக் கூட்டம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூச்சலிட்டுச் சிரித்தது.

"எங்கேய்யா போச்சு பந்து?" என்று நாமக்கோழியார் மூச்சு வாங்கக் கேட்டார். "கரைக்கு மேல போயிருக்குமோ?"

"கரையைத் தாண்டியிருந்தா என் கண்ணுக்குத் தப்பியிருக்காது," என்றான் நெடுங்காலன். "பந்து இங்கதான் இருக்கு. யாரோ வச்சிருக்காங்க."

அவன் இறக்கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினான். சிரிப்பு அடங்கியது. அதுவரை கலந்து உட்கார்ந்திருந்த இரண்டு கூட்டமும் தன்னாலே விலகி, எதிரெதிராக நின்றன.

நெடுங்காலன் ஒவ்வொருவராக நிறுத்திச் சோதித்தான். முயலின் காதுகளை விரித்துப் பார்த்தான். முள்ளெலியை முள்ளை உதறச் சொன்னான். வயசான உடும்பு ஒன்று, ஆட்டம் பார்க்க வந்தது, அதன் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டைவரை எட்டிப் பார்த்தான். உடும்பு வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டது. குளத்துக்காரர்களுக்கே ஒருமாதிரியாகிவிட்டது. ஆனால் யாரும் தடுக்கவில்லை. அதற்குள் அவர்களுக்கும் சந்தேகம் தொற்றியிருந்தது.

கடைசியில் கருவாலன் முன்னால் வந்து நின்றான் நெடுங்காலன். "காலையிலேயே வந்து இடம் பார்த்துட்டுப் போனியே. எங்க ஒளிச்சு வைக்கலாம்னு பார்த்தியா?"

"பந்தை அடிச்சவன் நான். அடிச்சுட்டு ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாரும் பார்த்தாங்க."

"உன் ஆளு எடுத்திருப்பான்."

"விருந்தாளியா வந்தோம். வாயைத் திறன்னீங்க, திறந்தோம். இன்னும் என்ன செய்யணும் நடுவரே?"

அந்தப் பொறுமைதான் நெடுங்காலனுக்கு ஆத்திரத்தைக் கொடுத்தது. குற்றமில்லாதவன் இவ்வளவு அமைதியாக நிற்பானா? எல்லாரும் கேட்கும்படி அவன் சொன்னான்: "இன்னிக்கு ஒவ்வொருத்தர் வீட்டையும் பார்ப்போம். எவன் வீட்டுல பந்து இருக்கோ, அவன் இனிமே மறைவான இடத்துல குடியிருக்கக் கூடாது. பொந்து கூடாது, புதர் கூடாது. வெட்டவெளியில கிடக்கணும். அவன் பிள்ளைகுட்டியும் அப்படித்தான்."

"ரொம்பக் கடுமையா இருக்குதேய்யா," என்றார் நாமக்கோழியார்.

"எனக்குச் சம்மதம்," என்றான் கருவாலன். "ஆனா எல்லார் வீடும்னா எல்லார் வீடும்தான். குளத்துக்காரங்க வீடும் சேர்த்து."

"என் வீட்டுல இருந்தே ஆரம்பிங்க," என்றான் நெடுங்காலன்.

மைனா பறந்து போய்க் கூட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "செவ்வந்தி, கொஞ்சம் எந்திரி. உள்ளே பார்க்கணுமாம்."

செவ்வந்தி எழுந்திருக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. மைனா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். கீழே எல்லாரும் நெடுங்காலனைப் பார்த்தார்கள். அவனுக்கு முதன்முறையாக அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

அவனே மேலே போனான். "எந்திரி செவ்வந்தி."

அவள் எழுந்தாள். முட்டைகளுக்கு நடுவே களிமண் பூசிய பந்து இருந்தது.

நெடுங்காலன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான்: "யார் கொடுத்தா உன்கிட்ட?"

செவ்வந்தி பந்தை அலகால் அவன் பக்கம் தள்ளினாள். "மேலேருந்து விழுந்துச்சு. முட்டை மேல விழாம றெக்கையில வாங்கினேன்." அவளுடைய இடது இறக்கை தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவன் கவனித்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எவன் வந்து என்ன கேட்டாலும் எந்திரிக்காதே, வாயைத் திறக்காதே, எல்லாம் முட்டைக்குப் போடுற தந்திரம்னு நீங்கதானே காலையில சொல்லிட்டுப் போனீங்க."

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பேல்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? கீழே அத்தனை பேர் வாயையும் திறந்து பார்த்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

நெடுங்காலன் பந்தை அலகில் எடுத்தான். கரைக்கு அந்தப் பக்கம் அறுத்து முடிந்த வயல். ஒரு வீசு வீசினால் நெல்தாள்களுக்கு நடுவே போய் விழும். அங்கே போய்த் தேடச் சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் வயலைப் பார்ப்பதைச் செவ்வந்தி பார்த்தாள். முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் பந்தோடு கீழே இறங்கி, அதை எல்லார் முன்னாலும் வைத்தான். "மேலேருந்து கூட்டுக்குள்ள விழுந்திருக்கு. எனக்குத் தெரியாது."

 கொக்கு தவளையிடம் முணுமுணுத்தது. உடும்பு காறித் துப்பியது. "நடுவர் வீட்டுலேயே பந்து," என்று ஒரு குரல். "தண்ணி கொடுக்க மனசில்லாம ஆட்டத்தைக் கலைச்சிருக்கான்," என்று இன்னொரு குரல். நாமக்கோழியார்கூட அவன் முகத்தைப் பார்க்காமல், "இப்படிப் பண்ணிட்டியேப்பா," என்றார்.

"சத்தியமா விழுந்துதான் இருக்கு," என்றான் நெடுங்காலன். அவன் குரல் அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

"விழுந்துதான் இருக்கும்," என்றான் கருவாலன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"காலையில நான் மரத்தைப் பார்த்தது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுக்க. உச்சி இலையைப் பார்த்தாத்தான் தெரியும். எந்தப் பக்கம் தூக்கி அடிக்கலாம்னு ஒரு கணக்கு. அதை நடுவர்கிட்ட எப்படிச் சொல்றது? சாயங்காலம் காத்து மருத மரத்துப் பக்கம்தான் அடிச்சது. நான் அடிச்ச பந்து எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியாதா? முன்னாடியே சொல்லியிருந்தா யாரு நம்பியிருப்பீங்க?"

அத்தனை பேரில் நெடுங்காலனை நம்பியது, அவன் யாரைத் திருடன் என்றானோ அந்தக் கருவாலன்தான். நெடுங்காலனுக்குத் தலை நிமிரவில்லை.

"ஆனா இந்த ஆட்டத்தை இனி ஆடி முடிக்க எங்களுக்கு மனசில்லை," என்றான் கருவாலன். "திருடன்னு பேர் வாங்கின இடத்துல தண்ணியும் இறங்காது." அவன் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தான். முள்ளெலி ஒரு தடவை தண்ணீரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தக் கோடையைத் தாண்ட அதற்கு வேறு தண்ணீர் இல்லை.

நெடுங்காலன் பின்னாலேயே ஓடினான். பறந்து முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. சில அடி ஓடுவான், வெட்கம் பிடித்து இழுக்க நிற்பான், தலையைக் குனிந்து நிமிர்வான், மறுபடி சில அடி ஓடுவான். காட்டு எல்லையில் கருவாலன் நின்றான்.

"என் மேல இருக்கிற கோபத்தைத் தண்ணி மேல காட்டாதீங்க," என்றான் நெடுங்காலன். "குட்டிங்களோட எங்க போவீங்க?"

"நாங்க வர்றோம்னே வச்சுக்குவோம். நாளைக்கு உங்க பக்கத்துல ஒரு மீன் குறைஞ்சா, காட்டுக்காரன் மறைஞ்சு வந்து எடுத்தான்னு சொல்ல மாட்டீங்களா?"

நெடுங்காலனால் மாட்டோம் என்று சொல்ல முடியவில்லை. அவனே சொல்லியிருப்பான்.

"நாங்க வரும்போதும் போகும்போதும் ஊரறிய ஒருத்தன் சத்தம் போட்டுச் சொல்லணும்," என்றான் கருவாலன். "அப்ப யாரும் மறைஞ்சு வந்தோம்னு சொல்ல முடியாது."

"நான் சொல்றேன்."

"எங்களுக்கு மட்டும்னா அதுவும் அவமானம்தான். யார் வந்தாலும் சொல்லணும். குளத்து ஆளு வந்தாலும் சரி, உன் வீட்டு ஆளு வந்தாலும் சரி."

"சரி," என்றான் நெடுங்காலன்.

அவன் விதித்த தண்டனையை அவனே ஏற்றுக்கொண்டான். விடிந்ததும் முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காய்ந்த குளத்தரையில் வைத்தார்கள். ஒரு துரும்புகூடப் போடவில்லை. வெள்ளை முட்டைகள் வெயிலில் பளிச்சென்று ஊருக்கே தெரிந்தன. நெடுங்காலன் அவற்றைப் பார்க்க முடியாமல் நின்றான்.

செவ்வந்தி ஈரக் களிமண்ணை அலகால் எடுத்து முட்டைகள் மேல் பூசினாள். அதன்மேல் கரிசல் மண்ணைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு வைத்தாள். பக்கத்தில் கிடந்த கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

"இது மறைக்கிறது ஆகாதா?" என்று கேட்டான் அவன்.

"வெட்டவெளியில கிடக்கணும்னுதானே சொன்னீங்க. கல்லு மாதிரி இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே," என்றாள் செவ்வந்தி. அந்த நாளில் அவள் அவனிடம் பேசியது அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் காட்டுக்காரர்கள் தண்ணீருக்கு வந்தார்கள். முதலில் முள்ளெலி வந்தது, பிறகு குட்டிகளோடு முயல், எல்லாருக்கும் பின்னால் கருவாலன். நெடுங்காலன் எழும்பிப் பறந்து ஒவ்வொருவருக்கும் குரல் கொடுத்தான். கொக்கும் தவளையும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டன. யாரும் யாரையும் கடிக்கவில்லை. ஆனால் பந்தாட்டத்தை மட்டும் அதற்குப் பிறகு யாரும் கூட்டவில்லை.

அன்றிலிருந்துதான் அவன் இனத்துக்கு ஆள்காட்டி என்ற பேர் நின்றது. அன்றிலிருந்துதான் அது மரத்தில் உட்காருவதில்லை. பொட்டலில் சில அடி ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது. கூழாங்கல் போன்ற முட்டைகளைத் திறந்த தரையில் இடுகிறது. வற்றிய குளத்துக்குள் இளவட்டங்கள் மட்டையும் பந்துமாக இறங்கினாலும், ஆடு மாடு இறங்கினாலும், தலைக்கு மேல் வட்டமடித்து ஊரறியக் கத்துகிறது. இரை தேடப் போன தன் துணை திரும்பி வந்தால்கூட முதலில் ஒரு சத்தம் கொடுக்கிறது. வந்த துணையும் பதிலுக்குக் குரல் கொடுத்து, தான்தான் என்று சொல்லிவிட்டுத்தான் இன்றைக்கும் முட்டை மேல் போய் உட்காருகிறது.