தேத்தண்ணி வரும்போது மறைகிற மீன்

"ராசி எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ, டொக்டர்?"

குணபாலசிங்கம் கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கிற ஆளாய்த் தெரியவில்லை. பதிலைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

டொக்டர் சிவகௌரி துளைக்குள் பார்த்தபடி இருந்தார். உறைந்த ஏரியின் மேல் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே பனிக்கட்டியில் துளைத்த ஒரு வட்டம். பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளி. வாளிதான் ஆசனம்.

அவர் பல் வைத்தியர். ஆட்களை வாய் திறக்க வைத்துவிட்டுத் தான் பேசாமல் இருக்கிற தொழில். சனிக்கிழமையிலும் அந்தப் பழக்கம் விட்டுப்போகாது. டொரோண்டோவில் இருந்து வடக்கே ஓடி வந்து இந்த ஏரியில் தூண்டில் போடுகிற தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் அவரைப் பார்த்துத்தான் பனியில் மீன்பிடிக்கப் பழகியவர்கள். குருவே, குருவே என்று சிரித்துப் பகிடிக்குத்தான் தொடங்கினார்கள். பகிடி நாளாவட்டத்தில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

குணபாலசிங்கம், எல்லாருக்கும் குணம், டொக்டரைவிட வயதில் மூத்தவர். என்றாலும் முறை முறைதானே. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சீடனாகச் சேர்ந்தார். டொக்டர் பழத்தை எடுத்துக்கொண்டார். வெற்றிலையையும் பாக்கையும் திருப்பிக் கொடுத்தார். பல்லுக்குக் கூடாதாம்.

"இருக்கு," என்று குணமே சொன்னார். "மெஷினில கண்டனான்."

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. சாப்பாட்டுப் பெட்டி அளவு. தூக்க ஒரு கைபிடி. அதில் இருந்து ஒரு வயர், வயரின் நுனியில் ஒரு குமிழ். குமிழைத் துளைக்குள் இறக்கினால் அது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். கீழே எதில் பட்டுத் திரும்பினாலும் திரையில் ஒரு புள்ளி விழும். அடித்தரை தடித்த கோடாய்த் தெரியும். கோட்டுக்கும் மேலுக்கும் நடுவே புள்ளி தெரிந்தால், அதுதான் மீன் என்று கடைக்காரன் சொல்லி விற்றிருந்தான். கூட வந்த புத்தகத்தைக் குணம் பிரிக்கவில்லை. கடலில் பிறந்தவனுக்குப் புத்தகம் என்னத்துக்கு?

மெஷின் வந்த நாளில் இருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஒருவர் காற்றுச் சரியில்லை என்பார், இன்னொருவர் தூண்டில் கொழுக்கி சரியில்லை என்பார். குணம் சிரிப்பார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். வாங்கோ, கண்ணால காட்டுறன்."

காட்டவும் செய்தார். எந்தத் துளையில் இறக்கினாலும் அவருக்கு ஒரு புள்ளி விழுந்தது. சிவப்பாய், கொழுத்ததாய். தூண்டிலை அவர் கொஞ்சம் உயர்த்தினால் அதுவும் உயரும். இறக்கினால் இறங்கும். ஆட்டினால் ஆடும். நாள் முழுக்கக் கூடவே நிற்கும்.

ஆனால் கடிக்காது.

இதை இதற்கு முன்னும் டொக்டரிடம் முறையிட்டிருக்கிறார். மீன் தெரியுது, பிடிபடுதில்லை, ஏன்? டொக்டர் "பாப்பம்" என்றதோடு சரி.

இன்று காலை காரணம் கிடைத்துவிட்டது. காரணத்தின் பெயர் நவம். குணத்தின் மனைவி தவமலரின் தம்பி.

"அவன் தேத்தண்ணி கொண்டு வாறான், மீன் போகுது. அவன் அங்கால போறான், மீன் வருது. போன சனியும் பாத்தனான், இண்டைக்கும் பாத்தனான். மெஷினுக்கு என்ன, அவனோட கோவமோ?"

டொக்டர் முதல் தடவையாகத் துளையில் இருந்து கண்ணை எடுத்தார்.

"அவரிட்டச் சொன்னியளோ?"

"சொல்லாமல்?"

சொன்ன விதத்தையும் குணம் மறைக்கவில்லை. ஏரியில் ஐந்தாறு பேர் கூடி நின்ற நேரம். நவம் ஒரு கையில் ஃபிளாஸ்க்கும் மறு கையில் கடதாசிக் கப்புமாய் வந்துகொண்டிருந்தான். அங்கேயே நில் என்று குணம் சத்தம் போட்டார். கடல் கடந்து வந்தும் உன்ர கால் மாறேல்லையடா, நீ வந்தால் மீன் நிக்காது, மெஷினே சொல்லுது என்றார். ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

நவம் நின்றான். நின்ற இடத்திலேயே குனிந்து கப்பைப் பனிக்கட்டியில் வைத்தான். திரும்பிக் கரைக்கு நடந்தான்.

நவத்தின் காலுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஊரில் அவன் முதன்முதல் தொழிலுக்கு ஏறிய அன்று வள்ளம் பாறைத் திட்டுக்கு நடுவே, பார்வாயில் புரண்டது. உயிருக்குச் சேதமில்லை. வலையும் எஞ்சினும் கடலோடு போயின. நீந்திக் கரைசேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இண்டைக்கு ஆர் புதுசா ஏறினது என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் நவத்தைப் பார்த்தார்கள். கேட்டவர் அன்று வள்ளத்தை ஓட்டிய குணம். தவமலரைக் கைப்பிடித்த புதிது.

அதற்குப் பிறகு ஒரு வள்ளமும் நவத்தை ஏற்றவில்லை. கலியாணப் பேச்சுப் போன வீடுகளுக்கெல்லாம் அவனுக்கு முன்னால் அவன் காலின் கதை போய் உட்கார்ந்திருந்தது. யாராவது பயணம் புறப்பட்டால், ஒருவரும் சொல்லாமலே அவன் வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் போய் நிற்கப் பழகிக்கொண்டான். கனடா வந்து தமக்கை வீட்டு பேஸ்மெண்டில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் மனிதனுக்கு மூச்சு வந்தது. பனி நாட்டில் எல்லார் காலிலும் ஒரே தடித்த சப்பாத்து. யார் கால் எது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

"இப்ப ரோட்டுக்கரையில நிக்கிறான்," என்றார் குணம். குரல் சற்று இறங்கியிருந்தது. "ஆரோ சிநேகிதனை வரச்சொல்லியிருக்கிறானாம். வின்னிபெக்குக்குப் போறானாம், இனி எங்கட வீட்டு வாசல் மிதியானாம். தவமலருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எண்டாலும் டொக்டர், உண்மை உண்மைதானே?"

டொக்டர் தன் தூண்டிலைச் சுற்றி வைத்தார். எழுந்தார்.

"உங்கட துளை எது?"

குணம் பெருமையோடு முன்னால் நடந்தார். டொக்டர் பின்னால் போனார். குரு எழுந்து நடக்கிறார் என்றதும் மற்றவர்களும் மெல்ல வந்து சுற்றி நின்றார்கள்.

குணம் குமிழை இறக்கினார், தூண்டிலை இறக்கினார். திரையில் அடித்தரை தெரிந்தது. அதற்கு மேலே சிவப்புப் புள்ளி வந்து நின்றது.

"கண்டியளோ? அவன் இல்லை, மீன் நிக்குது."

டொக்டர் பார்த்தார்.

"தேத்தண்ணி வரேக்க என்ன செய்வியள்?"

"வாங்கிக் குடிப்பன்."

"எப்பிடி வாங்குவியள்?"

இது என்ன கேள்வி என்று குணத்துக்குப் பட்டது. என்றாலும் குரு கேட்டால் செய்து காட்டத்தானே வேண்டும். தூண்டிலை மேலே இழுத்தார். நூல் முழுக்க வெளியே வர, கோலை வாளியில் சாய்த்து வைத்தார். தடித்த கையுறைக்குள் கப் வழுக்கும் என்பதால் இரண்டு கையையும் ஏந்தினார்.

திரையில் புள்ளி மேலே போனது. இன்னும் மேலே போனது. இல்லாமல் போனது.

"பாருங்கோ, இப்பவும் போ..."

சொல் பாதியில் நின்றது.

நவம் அங்கே இல்லை. தூரத்தில், ரோட்டுக்கரையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

டொக்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்த நூலைப் பிடித்தார். நுனியில் நகமளவு ஈயக்குண்டும் கொழுக்கியும். அதைக் குணத்தின் ஏந்திய கைக்குள் வைத்தார்.

"இந்தாங்கோ. உங்கட மீன்."

குணம் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நம்பாமல் தானே ஒருமுறை தூண்டிலை இறக்கினார். புள்ளி வந்தது. தூக்கினார். போனது. நகமளவு ஈயத்தை மெஷின் காட்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அந்தக் குளிரில் அவருக்குக் காது இரண்டும் சுட்டன.

எத்தனை சனிக்கிழமை தன் ஈயத்தைத் தானே துரத்திக்கொண்டு இருந்திருக்கிறார். மகா கெட்டிக்கார மீன் என்று தவமலரிடம் வேறு சொல்லியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. தேத்தண்ணி கொண்டுவந்தவனை அல்லவா விரட்டியிருக்கிறார். கையுறையோடு கப்பைப் பிடிக்க இந்த மனிதருக்குக் கஷ்டம் என்று, ஒவ்வொரு தடவையும் குனிந்து கைக்குள் வைத்துவிட்டுப் போனவனை. காலையில் சிரித்த ஆள் இப்போதாவது சிரித்துத் தொலைத்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"மெஷின் பழுது எண்டு அவனிட்டச் சொல்லட்டோ, டொக்டர்?"

டொக்டர் மெஷினைக் குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தானே வேலை செய்யுது."

"அப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

டொக்டர் நிமிர்ந்தார். நவம் வைத்துவிட்டுப் போன கப்பைத் தாடையால் காட்டினார்.

குணம் போய் அதை எடுக்கக் குனிந்தார். வரவில்லை. தேத்தண்ணி உறைந்து, கப் பனிக்கட்டியோடு பிடித்துக்கொண்டிருந்தது. முழங்காலிட்டு இழுத்தார். கடதாசி கிழிந்து கையோடு வந்தது. தேத்தண்ணி மட்டும் கட்டியாய் அங்கேயே நின்றது.

பிறகு எழுந்து, துளையடிக்குப் போய், நூலில் இருந்து ஈயக்குண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார்.

வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டு போனார். நவத்தின் முகத்தைக் கண்டதும் கோத்தது எல்லாம் அறுந்து கொட்டிவிட்டது. மூக்கு நுனி சிவந்து, ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். போகிற இடத்துக்கு வேறு ஒன்றும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

குணம் கையை விரித்துக் காட்டினார்.

"ஒருக்கா வந்து பார், நவம்."

"நான் வரேல்லை அத்தான். நீங்கள் மீனைப் பிடியுங்கோ."

"மீன் இல்லை. அதில ஒரு நாளும் மீன் இருக்கேல்லை."

நவத்துக்கு அது விளங்கவில்லை. ஆனால் அத்தான் அப்படி ஒரு குரலில் பேசி அவன் கேட்டதில்லை. பின்னால் நடந்தான்.

தேத்தண்ணிக் கட்டி நின்ற இடம் வந்ததும் நவத்தின் கால் தானாக நின்றது. அதற்கு அப்பால் வைக்கவில்லை. குணம் திரும்பிப் பார்த்தார், திரும்பி வந்தார். மைத்துனனின் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் துளையடிக்குக் கூட்டிப் போனார். தன் வாளியில் இருத்தினார். ஈயத்தை நூலில் கட்டினார். முடிச்சு விழ நேரம் பிடித்தது. கோலை அவன் கையில் கொடுத்தார்.

"இறக்கு."

புள்ளி வந்தது.

"தூக்கு."

போனது.

"உது என்ர தூண்டில்," என்றார் குணம். சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். "தேத்தண்ணிக்குக் கை நீட்டேக்க நான்தான் தூக்கியிருக்கிறன். இவன்ர காலில ஒண்டுமில்லை. பிழை என்னில."

காலையில் சிரித்தவர் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

நவம் தலை நிமிரவில்லை. இறக்கினான், தூக்கினான். மறுபடி இறக்கினான். கரையில் ஒரு கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புப் புள்ளி அவன் கைக்கு ஏறி, அவன் கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அப்ப அண்டைக்கு வள்ளம், அத்தான்?"

குணம் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் துளைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் மறுபடி ஹோர்ன் அடித்தது.

"சுக்கான் என்ர கையில இருந்தது," என்றார் குணம். "நான் கண்ணயர்ந்திட்டன், நவம்."